லென்ஸ் தட்டுகிற சத்தம்

சிடியைப் படிக்க மறுக்கிற பழைய கேம் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் படிக்கும். சுரபாயாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி கவிழ்ந்து கிடந்திருக்கிறது போலும், ஐயா. தப்பில்லை. உள்ளே லென்ஸ் ஓடுகிற பிளாஸ்டிக் தடம் தேய்ந்து லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் அதன் கனமே அதை நிமிர்த்திவிடும். கொஞ்ச நாள் ஓடும். அதற்கப்புறம் என்னிடம் வருவார்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. திகோர் கடையின் பூட்டை நான் ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். அவன் உள்ளே இருந்தான், சாவி என் சட்டைப்பையில் இருந்தது, வெளியே ஆபத்து எதுவும் மிச்சமில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டால் என்னை யாரோ கொடியவன் என்று நினைத்துவிடுவீர்கள். எனவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பாசார் மெலாத்தி மார்க்கெட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் இருவர் கடையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு ஒட்டுப்பலகைச் சுவர், அவ்வளவுதான். நான் கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். அவன் சிடிகளை நகல் எடுத்து விற்பவன். திகோர் மேடான் பக்கத்துப் பத்தாக் இனத்து ஆள். அந்த ஊர்க்காரர்கள் காதோடு ரகசியம் சொன்னாலே மாடிப்படி வரைக்கும் கேட்கும். என்னைவிட இளையவன், வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அந்த அண்ணேயில் மரியாதையைவிட நக்கல்தான் தூக்கலாக இருக்கும்.

"வாஸ்கித்தோ அண்ணன் ரிப்பேர் கல்யாண மேக்கப் மாதிரிங்க. விருந்து முடியுற வரைக்கும் கலையாது. அதுக்கு மேல கியாரண்டி கேக்காதீங்க" என்று என் வாடிக்கையாளர்களிடமே சொல்லிச் சிரிப்பான். அவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். எனக்கு வலிக்கும், ஆனால் சிரித்துவைப்பேன்.

நான் பதிலுக்குச் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நகல் சிடி பெட்டியைக் கொல்லும். இது நான் இட்டுக்கட்டியதல்ல. நகல் சிடி வெளிச்சத்தைச் சரியாகத் திருப்பித் தராது. கண் மங்கிய கிழவன் பேப்பர் படிப்பதுபோல் லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, தேடும். தேடும்போது டக் டக் என்று தட்டும். அந்த நேரம் பாட்டு நின்றுவிடும், திரையில் படம் உறைந்துவிடும். தேடியது கிடைத்ததும் தட்டுவது நிற்கும், பாட்டு மறுபடி வரும். எங்கள் மாடியில் இந்தச் சத்தம் கேட்டால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பல்லி கத்துவதுபோல் பழகிப்போன சத்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, ரெய்டுக்கு உங்கள் போலீஸ்காரர்கள் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதைச் சொல்ல வேண்டும். நீங்கள் எப்போதும் படிக்கட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறவர், எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி யாயுக் அக்கா காபி, டீ, பொரித்த சோயா டெம்பே விற்கிறார். உங்கள் ஆட்கள் வாசலில் தலை காட்டினால் அவர், "ஐஸ் டீ தீந்துபோச்சு" என்று கூவுவார். அந்தக் கூவலுக்குச் சிடி வியாபாரிகள் எல்லோரும் தத்தம் கடைக்குள்ளேயே போய்விடுவார்கள். ஓட மாட்டார்கள். ஓடினால் படிக்கட்டில் அகப்படுவார்கள். பக்கத்துக் கடைக்காரன் வெளியிலிருந்து ஷட்டரை இழுத்துப் பூட்டி, நடையில் இருக்கிற சுவிட்ச் பலகையில் அந்தக் கடையின் மின்சாரத்தையும் அணைத்துவிடுவான். வெளியே பூட்டு தொங்கினால் ஆளில்லாத கடை. உள்ளே இருப்பவன் இருட்டில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பான். கைபேசி ஒலித்தால் காரியம் கெட்டுவிடும் என்பதால் அதையும் பூட்டுகிறவனிடமே கொடுத்துவிட வேண்டும். எல்லாம் அடங்கியதும் அக்கா, "ஐஸ் டீ வந்தாச்சு" என்பார். பூட்டியவன் திறப்பான்.

யார் யாரைப் பூட்டுவது என்பதற்குப் பேச்சே கிடையாது. இடப்பக்கக் கடைக்காரன் வலப்பக்கத்தானைப் பூட்டுவான். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், பெண் விவகாரம் இருக்கலாம். சண்டை வேறு, சாவி வேறு என்பது எங்கள் மாடியின் வாக்கு. திகோரைப் பூட்ட வேண்டியவன் நான். எத்தனையோ முறை பூட்டித் திறந்திருக்கிறேன். ஒரு முறைகூட அவன் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

அவனுக்கு இளைப்பு நோய் உண்டு. நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் கையிலேயே இருக்கும். இருந்தும் கிராம்புச் சிகரெட்டை விடமாட்டான். நானே எத்தனை தரம் கண்டித்திருக்கிறேன் தெரியுமா. அவன்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது முர்னி விஷயத்துக்கு வருகிறேன்.

முர்னி தையல் வேலை செய்கிறவள். கணவன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். கப்பல் கரையைத் தொட்டு அவன் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தப் பழைய சாம்பல் நிறப் பெட்டியில் கார்ப் பந்தயம் விளையாடுவார்களாம். அவன் வருவதற்குள் பெட்டி ஓட வேண்டும் என்று கொண்டுவந்தாள். சரிசெய்து கொடுத்தேன். கொஞ்ச காலம் கழித்து மறுபடி வந்தாள், படிக்கவில்லை என்று. "என்ன சிடி போட்டீங்க?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பக்கத்துக் கடையைக் காட்டினாள். "நான் அப்பவே சொன்னேனே தங்கச்சி" என்றேன். மறுபடி சரிசெய்தேன். மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கப்பல் கிளம்பிவிட்டதாம். அவன் இருந்த நாளெல்லாம் பெட்டி டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்ததே தவிர ஒரு பந்தயம்கூட முடியவில்லையாம்.

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் அல்ல.

அந்தத் தடவையும் சரிசெய்து கொடுத்தனுப்பினேன். இந்த ரெய்டு வந்த அன்று, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் மறுபடி பெட்டியோடு வந்து காத்திருந்திருக்கிறாள். திகோர் அவளைத் தன் கடைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறான். தன் சிடிமேல் பழி விழுகிறது என்று அவனுக்கு ரோஷம். திருப்புளியை எடுத்து அவனே பெட்டியைத் திறந்துவிட்டான்.

லென்ஸுக்குப் பக்கத்தில் எள் அளவு ஒரு திருகு உண்டு, ஐயா. அதைத் திருப்பினால் லென்ஸின் வெளிச்சம் கூடும். வயதான லென்ஸ் அந்த வெளிச்சத்தில் அசல், நகல் எல்லாவற்றையும் கடகடவென்று படித்துவிடும். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே படம் ஓடும், முகம் மலரும். புது லென்ஸ் போட்டால் எவ்வளவு செலவு, எவ்வளவு காத்திருப்பு என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட இது எவ்வளவோ மேல். விளக்கில் திரியைத் தூண்டிவிடுகிற வேலைதான். திரியைத் தூண்டினால் எண்ணெய் சீக்கிரம் தீரும் என்பது சரிதான். லென்ஸ் சில மாதங்களில் கருகிவிடும் என்பதும் சரிதான். அதற்குள் அவர்கள் நகல் சிடி போடாமலா இருக்கப் போகிறார்கள்? எப்படியும் சாகப்போகிற லென்ஸ்தானே.

திருகைத் திருப்பியபின் அது நகராமலிருக்க மேலே ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு வைப்பேன். சுத்தமாக வேலை செய்கிறவன் நான். மற்றவர்கள் கண்ட பசையை அப்பிவிடுவார்கள். சிவப்புத் துளி என்றால் வாஸ்கித்தோ கைவேலை என்று மாடி முழுக்கத் தெரியும்.

நான் சாப்பிட்டுத் திரும்பியபோது முர்னி போய்விட்டிருந்தாள். திகோர் என் மேசைமேல் ஏறாத குறையாக வந்து நின்றான். ஒரு கையில் சிகரெட், ஒரு கையில் இன்ஹேலர்.

"திருகு கடைசி வரைக்கும் போயிருக்கு அண்ணே. மேல உன் சிவப்புப் பொட்டு. எத்தனை வருஷமா என் சிடிமேல பழியப் போட்டுக் கல்லா கட்டுற நீ?"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? ஊரெல்லாம் என்னைப் பெட்டி கொல்லின்னு பேசுது. நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் பாரு, நான் ஒரு முட்டாள். தூக்கிட்டுப் போற ஒவ்வொரு பெட்டிலயும் நீயே வெடி வெச்சு அனுப்பிட்டு, சிடி சிடின்னு ஓதுற."

"திகோர், தொழில்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை குலுக்கல் சீட்டுக்கு மாடியே கூடும்ல, அங்க வெச்சுச் சொல்றேன். அந்தப் பொண்ணோட பெட்டி என் கடைலதான் இருக்கு. எல்லாரும் வந்து கண்ணால பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு இருமினான். சிகரெட்டை என் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். இன்ஹேலர் என் மேசைமேலேயே கிடந்தது.

அந்த மாடியில் எனக்கு வேறு எதுவும் இல்லை, ஐயா. மனைவி கிடையாது, வீடு என்று சொல்ல ஓர் அறை. வாஸ்கித்தோ கை வைத்தால் ஓடும் என்கிற பேர் ஒன்றுதான் இருந்தது. குலுக்கல் சீட்டுக்கு வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து தின்பண்டத்தை மென்றுகொண்டே அந்தச் சிவப்புப் பொட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பயந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

இன்ஹேலர் தொலைந்துவிடக் கூடாதே என்று எடுத்து என் இழுப்பறைக்குள் வைத்தேன்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் யாயுக் அக்காவின் குரல் கேட்டது. "ஐஸ் டீ தீந்துபோச்சு, ஐஸ் டீ தீந்துபோச்சு." ஷட்டர்கள் சரசரவென்று இறங்கின. திகோர் கதவோரம் நின்று என்னைப் பார்த்தான். சற்று முன்னால் அவ்வளவு பேசியவன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கைபேசியை நீட்டினான், பூட்டையும் சாவியையும் கொடுத்தான். "சீக்கிரம் அண்ணே" என்றான். இழுத்தேன், பூட்டினேன், மின்சாரத்தை அணைத்தேன். வழக்கம் என்னவோ அதை நான் அட்சரம் பிசகாமல் செய்தேன்.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். திறந்திருந்த கடைகளைப் பார்த்தார்கள், பூட்டுகளை ஆட்டிப் பார்த்தார்கள். திகோர் கடை முன்னால் ஒருவர் வெகுநேரம் நின்று சிகரெட் புகைத்தார். உள்ளேயிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை. அவன் எப்படி அடக்கினான் என்று எனக்குத் தெரியவில்லை. மாடிக்காரர்களுக்குத் துரோகம் செய்யாதவன், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். நகல் எடுக்கிற இயந்திரங்கள் காலையிலிருந்து ஓடி அனலாகிக் கிடந்தன. மின்விசிறி நின்றுவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற மாடி அது, உங்களுக்கே தெரியும்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். அக்கா, "ஐஸ் டீ வந்தாச்சு" என்றார். ஷட்டர்கள் ஏறின. எல்லோரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரர், "திகோர் எங்கப்பா?" என்றார். "சரக்கு எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிட்டான், காலி கடையத்தான் பூட்டினேன்" என்றேன். நம்பிவிட்டார். அந்த ஓட்டத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

என் இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அண்ணே. ஐஸ் டீ வந்தாச்சுன்னு கேட்டுச்சே."

வாயைப் பலகையோடு வைத்து, "அக்கா தப்பாக் கூவிட்டாங்க. ரெண்டு பேர் படிக்கட்டுலயே நிக்கிறானுங்க. சத்தம் போடாத" என்றேன்.

"மருந்த உன் மேசைலயே விட்டுட்டேன் அண்ணே. முடியல."

"தர்றேன். பொறு."

பொறுத்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம். வாய் ஓயாத ஆள் நான் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்ட ஆரம்பித்தான். அதுவும் விரல் முட்டியால், மெதுவாக, படிக்கட்டில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடாதபடி.

என் மேசையில் சோதனைக்கு வைத்திருக்கிற பெட்டியைப் போட்டேன். கைக்கு அகப்பட்ட சிடி ஒன்றைச் செருகினேன். கார்ப் பந்தயம். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். அந்த மாடியில் எல்லாக் கடையிலும் இரைச்சல்தான், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் விளையாடவும் செய்தேன். நன்றாகவே விளையாடினேன்.

யாயுக் அக்கா காலிக் கிளாஸ் பொறுக்க மேலே வந்தார். என் கடை முன்னால் அவர் நிற்கவும் பாட்டு நிற்கவும் சரியாக இருந்தது. திரையில் கார் உறைந்து நின்றது. சுவர்ப் பக்கம் டக், டக், டக்.

"என்ன தம்பி அது, தட்டுது?"

"லென்ஸ் அக்கா. டூப்ளிகேட் சிடி, தேடுது."

"அதானே பாத்தேன். எங்க வீட்டுல இருக்கிற பெட்டிச் சனியனும் இப்படித்தான் உசுர வாங்குது. சோறு திங்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு, தின்னப்புறம் ஒரு தட்டு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் கிளாஸை எடுத்து வாளியில் போட்டார். அந்த நேரம் லென்ஸ் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டது. பாட்டு திரும்ப வந்தது, கார் ஓடியது.

டக். டக்.

அக்கா பெட்டியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டதுபோல. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நடை முனை வரைக்கும் மெதுவாகத்தான் போனார். படிக்கட்டில் அவர் வாளி உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. கவனமில்லாமல் போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தட்டுவது அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அப்புறம் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்தேன்.

அக்கா காவலாளியையும் கீழ்த்தளத்துப் பூட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தபோது பிற்பகல் அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா அழுதுகொண்டே, "பாவி, தொறடா" என்று கத்தினார். என்னை அவர் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. சாவியை எடுப்பதற்குள் அவர்கள் பூட்டை வெட்டிவிட்டார்கள். திகோர் என் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல் முட்டிகள் உரிந்திருந்தன. மடியில் முர்னியின் பெட்டி. அதை எதற்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. இருட்டில் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். நான் அழுதேன். கேட்டுப் பாருங்கள், மாடியில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அவனைப் பிடிக்கும்.

இப்போது நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இன்ஹேலரை இழுப்பறைக்குள் வைத்தது நான். வைத்துவிட்டுக் கீழே இறங்கி, எதிர்ச் சாரி டெலிபோன் கடைக்குப் போய், இரண்டாம் மாடியில் நகல் சிடி மலைபோல் குவிந்திருக்கிறது, இப்போதே வந்தால் பிடிக்கலாம் என்று பேர் சொல்லாமல் உங்களுக்குத் தகவல் கொடுத்ததும் நான்தான். நீங்கள் வருவீர்கள், அக்கா கூவுவார், அவனே தன் கையால் எனக்குச் சாவியைக் கொடுப்பான் என்பது எனக்குத் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவன் சாகிற வரைக்கும் பொறு என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுத் தருகிறேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

முர்னியின் பெட்டி உங்களிடம்தானே இருக்கிறது? சாட்சிப் பொருள் என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். கவிழ்த்து வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அவள் புருஷன் கப்பல் வருவதற்குள் அவளிடம் சேர்த்துவிடுங்கள். நகல் சிடி மட்டும் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதையும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது. அன்று கைக்கு அகப்பட்டதென்று நான் போட்டேனே, அது திகோர் எப்போதோ எனக்குச் சும்மா கொடுத்த சிடி. எத்தனை வருடமாக ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. அசல் சிடியாக இருந்திருந்தால் பாட்டு நடுவில் நின்றிருக்காது.